சகலையின் டார்ச்

பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை, காலாட்படை முகாமின் பொருள் கிடங்கில், நீள மேசைமேல் இரண்டு டார்ச் லைட்டுகள் வைக்கப்பட்டன. ரோந்துப் பிரிவுக்கு அவற்றில் ஒன்று வாங்கப்படவிருந்தது.

கறுப்பு டார்ச் கிடங்குப் பொறுப்பாளரின் தேர்வு. எல்லோரும் அவரை ஸ்டோர்காரர் என்பார்கள். அதன் வெளிச்சம் மைதானத்தின் மறுகோடிவரை பாயும். பச்சை டார்ச் ரோந்துத் தலைவரின் தேர்வு. அதற்குப் பாதி வெளிச்சம்தான். இருவரும் அக்கா தங்கையைக் கட்டிய சகலைகள். ரோந்துத் தலைவர் மூத்தவர்.

பூட்ஸ் முதல் தண்ணீர்க் குப்பிவரை அந்த முகாமில் ஸ்டோர்காரரைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். இந்த முறை மேஜர், "எடுத்துட்டுப் போறவங்களையும் ஒரு வார்த்தை கேப்போம்" என்றார். எவருடைய டார்ச் தேறுகிறதோ அவருக்குத்தான் இனி தேர்வுக் குழுவில் இடம் என்றும் சொல்லிவிட்டார்.

முந்தின நாள் மத்தியானம் சாப்பாட்டில் ஸ்டோர்காரரின் மனைவி பேச்சை எடுத்தாள்.

"அத்தான் சொன்னதுதான் எடுபடும் போலிருக்காம். அக்கா போன்ல சொன்னா."

"உங்க அத்தான் சொன்னா சூரியன் மேக்கால உதிக்கும். இன்னிக்கு நேத்தா பாக்கறேன்?"

"இப்ப என்ன சொல்லிட்டேன்? உங்க வயித்துல எரியற வெளிச்சத்துக்குப் பட்டாளத்துக்கு டார்ச்சே வேண்டாம்."

அவர் பாதியில் கை கழுவிக்கொண்டார். மாமனார் வீட்டில் எதைப் பேசினாலும் முதலில் மூத்த மருமகனின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பிறகு ஞாபகம் வந்தவர்கள்போல் இவர் பக்கம் திரும்புவார்கள். கிடங்கு ஒன்றில்தான் அவர் பேச்சு முதல் பேச்சு. அதற்கும் இப்போது வேட்டு.

சோதனை விதி எளிமையானது. பொருளை இடுப்பு உயரத்திலிருந்து ஒருமுறை கீழே போட்டால் போதும். காலையில் மேஜர் வருவதற்கு முன்பே ஸ்டோர்காரர் பச்சை டார்ச்சை மட்டும் கையில் எடுத்தார். ஏணிமேல் ஏறி சிமெண்ட் தரையில் போட்டார். எடுத்து அழுத்திப் பார்த்தார், எரிந்தது. திரும்பவும் போட்டார். வாளித் தண்ணீரில் அமுக்கி வைத்தார். கிரீஸ் தடவிய கையுறையோடு பொத்தானை அழுத்தினார். கண்ணாடியில் ஒரு கீறல் விழாதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் டார்ச்சைச் சோதிக்க அவருக்குத் தோன்றவில்லை. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

சரக்கு இறக்க வந்த லாரி டிரைவர் சிரித்தார். "ஸ்டோர்காரரே, அது டார்ச்சு. உங்க சகலை இல்ல. பாத்துப் போடுங்க."

மேஜரும் ரோந்துத் தலைவரும் உள்ளே வந்ததும் டிரைவரின் வாய் சும்மா இருக்கவில்லை. "காலையிலேருந்து ஏணிமேல ஏறி இந்தப் பச்சையைப் போட்டுச் சாத்தறாரு சார். உயிர் போகவே மாட்டேங்குது."

"அப்படியா? அப்ப கறுப்பையும் அதே ஏணியிலேருந்து போடுங்க" என்றார் மேஜர்.

ஸ்டோர்காரர் ஏறினார். அணைந்திருந்த கறுப்பு டார்ச் பின்பக்கம் தரையில் மோதி உருண்டது. பின்பக்கப் பொத்தான் அழுந்தி, சுவர் முழுக்க வெள்ளை வெளிச்சம் அடித்தது.

"பாத்தீங்களா சார்!" ஏணியிலிருந்தே அவர் கத்தினார். "விழுந்தும் எரியுது!"

ரோந்துத் தலைவர் குனிந்து அதை அணைத்தார்.

"அதான் தம்பி பயமே. விழுந்து அணைஞ்சா இருட்டுல தடவிக்கிட்டாவது வந்து சேருவோம். தானா எரிஞ்சா, 'இங்கதான் இருக்கோம், சுடு'ன்னு சொல்ற மாதிரி."

மேஜர் பச்சை டார்ச்சைத் திருப்பிப் பார்த்தார். அதன் பொத்தான் விளிம்புக்குள் பள்ளமாக இருந்தது. விரல் நுனி நுழைந்தால்தான் அழுந்தும்.

"நல்ல தேர்வு" என்றார் ரோந்துத் தலைவரிடம்.

"எடுத்தது நான். இந்தப் பாடு படுத்திப் பாத்தது தம்பிதான் சார். நான் ஒரே ஒரு தடவைதான் கீழ போட்டேன்."

ஏணியை விட்டு இறங்காமலே ஸ்டோர்காரர் அதைக் கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். சகலையின் சட்டைக் காலர் மடிப்புக் கலையாமல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிற்பகலில் பச்சை டார்ச்சுக்கு ஆர்டர் போயிற்று. தேர்வுக் குழுவில் ரோந்துத் தலைவர் சேர்க்கப்பட்டார். ஸ்டோர்காரர் நீக்கப்பட்டார்.