பதினோராம் எண் வீட்டின் அகலம்

லவீனியா உள்ளே கால் வைத்ததும் பதினோராம் எண் வீடு சுருங்கி ஒரு காரின் அளவுக்கு வந்து நின்றது. அன்று செவ்வாய்க்கிழமை, ஆஸ்திரேலியாவின் மில்டுராவில் திராட்சை அறுப்பு முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கூடத்துச் சுவர்கள் ஓசையில்லாமல் நெருங்கி வந்து, அவள் கணவன் செமிசியின் முழங்கால்களை நெஞ்சோடு மடக்கின. மகன் ஃபொலாவும் மகள் ஆனாசேனியும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டார்கள். "ஸ்டியரிங்கை மட்டும் எங்கடி வெச்சாங்க?" என்றான் செமிசி. ஃபொலாவ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அதைப் பார்த்த லவீனியா திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தாள். வீடு மறுபடி விரிந்தது.

அதற்கு முன் பதினான்கு மாதம் அந்த நால்வரும் ஒரு வெள்ளை ஸ்டேஷன் வேகனில் வாழ்ந்திருந்தார்கள். பசிபிக் தீவான டோங்காவிலிருந்து வந்த அவர்களைப் போன்றவர்கள் வீட்டில் விவரம் தெரிந்த வயதுக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் படுப்பதில்லை. தங்கை இருக்கும் இடத்தில் கொச்சையாக ஒரு வார்த்தை விழுந்தாலும் அண்ணன் எழுந்து போய்விடுவான். காரில் எழுந்து எங்கே போவது? இருக்கைகளுக்கு நடுவே லவீனியா ஒரு போர்வையைக் கட்டினாள். மூச்சுவிடும் சத்தத்தைப் போர்வையால் மறைக்க முடியவில்லை. பையன் முன் இருக்கையில் உட்கார்ந்தபடியே, கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துத் தூங்கினான். நாளாவட்டத்தில் தங்கையிடம் பேசுவதையே விட்டுவிட்டான். அது மரியாதையா வெட்கமா என்று லவீனியாவால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் வீட்டு வசதி அலுவலகம் கொடுத்த இரண்டு படுக்கையறை வீடுகளை அவள் இருமுறை வேண்டாமென்றாள். அந்தப் பிடிவாதத்தால் மட்டும் குடும்பம் ஏழு மாதம் கூடுதலாகக் காரில் கிடந்தது.

இப்போது மூன்று படுக்கையறை கிடைத்தும், அவள் நுழைந்தால் பிள்ளைகள் மறுபடி காருக்குள் அடைபட வேண்டும். எனவே ஐந்து வாரம் அவள் மட்டும் வாசலில் நின்ற காரிலேயே படுத்தாள். சேம்பு இலையில் பொதிந்து வேகவைத்த இறைச்சியைச் சமையலறை ஜன்னல் வழியாக வாங்கிச் சாப்பிட்டாள். "கடவுள் வீடே குடுத்துட்டாரு, இவ இன்னும் பார்க்கிங்லயே நிக்கிறா" என்று தேவாலயத்துப் பெண்கள் கேலி செய்தார்கள். வீடு கிடைத்ததும் உடம்பின் இறுக்கம் தானாகத் தளரும் என்றுதான் அவளும் நம்பியிருந்தாள். விலாவுக்குக் கீழே கைப்பிரேக் அழுத்திய இடம் இன்னும் குழிந்தே இருந்தது.

ஆறாவது வாரம் அலுவலகத்திலிருந்து மர்லீன் என்ற பெண்மணி வந்தாள். குத்தகையில் பெயர் உள்ள எவரும் வீட்டுக்கு வெளியே தங்கினால் குத்தகை ரத்து.

"உங்க பேருதான் முதல்ல இருக்கு. உள்ள வந்து கையெழுத்துப் போடுங்க."

லவீனியா வாசலில் நின்று குரல் கொடுத்தாள். "பிள்ளைங்களா, ரெண்டு பேரும் சீக்கிரம் வெளிய வந்துடுங்க."

"வரமாட்டேம்மா" என்றாள் ஆனாசேனி உள்ளிருந்து. "இது என் ரூம்."

ஃபொலாவின் கதவும் திறக்கவில்லை. லவீனியா கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போனாள். சுவர்கள் வந்தன. கூடவே நுழைந்த மர்லீனின் கோப்பு அவளுடைய தாடைக்கும் முழங்காலுக்கும் நடுவே சிக்கியது. செமிசி மடங்கினான். படுக்கையறைகளும் பெட்டிகளைப் போல ஒடுங்கின. ஆனால் அண்ணன் அறைக்கும் தங்கை அறைக்கும் நடுவில் இருந்த செங்கல் சுவர் மட்டும் போகவில்லை. ஒரு கை அகலத்துக்கு மெலிந்து, நின்றது.

அதில் யாரோ தட்டினார்கள்.

"அங்க இடம் இருக்கா?" ஃபொலாவின் குரல், உடைந்து கனத்திருந்தது. அது எப்போது மாறியது என்று தாய்க்கே தெரியவில்லை.

"காலை நீட்ட முடியலண்ணே. ஆனா கதவைச் சாத்திக்க முடியுது."

லவீனியா கையெழுத்துப் போட்டாள். மூன்று படுக்கையறைகளும் பயன்பாட்டில் உள்ளன என்று எழுதிவிட்டு மர்லீன் பக்கவாட்டில் நகர்ந்து வெளியேறினாள். குத்தகை ஐந்து வருடத்துக்கு உறுதியானது. அந்த ஐந்து வருடமும், லவீனியா பழக் கிடங்கில் வேலை பார்க்கும் பகல்களில் வீடு அகலமாக இருந்தது. அவள் வரும் நேரம் பார்த்து மூவரும் தட்டுகளை ஒதுக்கி வைத்து, முழங்காலை மடக்கிக்கொண்டார்கள்.