கஞ்சித் துணி

ரயில் பெட்டியின் பக்கச்சுவர் முழுவதும் மேசைமேல் கிடந்தது. பழைய வரைபடம், கஞ்சி ஏற்றிய மெல்லிய துணியில் மையால் வரைந்தது. எந்தப் பட்டைக்கு என்ன நிறம், எந்த எழுத்து எவ்வளவு உயரம் என்று ஓரமெல்லாம் குறிப்புகள். அதன்மேல் டிரேசிங் தாளை விரித்து அவள் எழுத்துகளைப் படியெடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு கோடு நெடுக ஊசியால் துளை போட வேண்டும். கீழே பட்டறையில் பெயின்டர்கள் அந்தத் தாளைப் பெட்டியின்மேல் ஒட்டி, சுண்ணாம்புப் பொடி கட்டிய துணியால் தட்டினால் எழுத்து புள்ளி புள்ளியாக இறங்கிவிடும். கண்காட்சிக்காக ஒரு பழைய பெட்டிக்கு அதன் பழைய கோலத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அறைக்குள் தண்ணீர் வரக்கூடாது. ஒரு துளி பட்டாலும் கஞ்சி கரைந்து துணி வெளுத்துவிடும். வியர்வைக்காக மணிக்கட்டின் அடியில் துண்டு வைத்துத்தான் வேலை. தும்மல் வந்தால் வெளியே ஓடுவார்கள்.

"என்னடி, மூஞ்சி இப்படிக் கெடக்கு?" என்றாள் பக்கத்து மேசை அக்கா.

"பால் கட்டிக்கிச்சுக்கா. கல்லு மாதிரி இருக்கு. நாத்தனார் புள்ளையத் தூக்கிட்டு வந்து கேட்டுல நிக்கிறா."

"போய்க் குடுத்துட்டு வாயேன்."

"பெரிய ஆளுங்க பாக்க வராங்களாம். அவங்க போற வரைக்கும் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திரிக்கக் கூடாதுன்னுட்டாரே மேனேஜர்."

"அவரு மட்டும் டீ குடிக்க எத்தன தரம் போனாரு? கேட்டா அதுக்குப் பேரு மீட்டிங்கு."

சிரித்தால் வலித்தது. பிரசவ விடுப்பு நிரந்தரக்காரர்களுக்கு. அவள் ஒப்பந்தக்காரி, நாற்காலி காலியானால் அடுத்த ஆள் வந்து உட்கார்ந்துவிடும். அதனால்தான் இடுப்பு நிமிரும் முன்பே திரும்பி வந்திருந்தாள்.

பிள்ளையை நினைக்கக் கூடாது என்று இருந்தாள். நினைத்தாலே சுரந்துவிடும். எழுத்தின் வளைவை மட்டும் பார்த்தாள். ரவிக்கைக்குள் மடித்து வைத்திருந்த துணி எப்போதோ நனைந்துபோயிருந்தது. மேலாளர் வெளியூர்க்காரர்களோடு உள்ளே நுழைந்த நேரம், அவள் தாளைத் தூக்கிவிட்டு, எதிர் ஓரத்தில் இருந்த நிறக் குறிப்பைப் படிக்கக் குனிந்திருந்தாள். கேட்டுப் பக்கம் ஏதோ ஒரு குழந்தை வீறிட்டது. தன்னுடையதுதானா என்று யோசிக்க மனசுக்கு நேரம் இருந்தது, உடம்புக்கு இல்லை.

ஒரு துளி. பின்னால் இன்னொன்று. எழுத்தின் அடியில் துணி வெளுத்தது. மை கால் நீட்டியது.

"யாரு தண்ணி கொண்டு வந்தது?" என்றார் மேலாளர்.

வாசலில் அத்தனை ஆண்கள். எதைச் சொன்னாலும் வேலை போய்விடும். எந்தப் பதிலோடு மானமாக வீடு போய்ச் சேர முடியும் என்று மட்டும் பார்த்தாள்.

"நான்தான் சார். தண்ணிதான்."

"பாட்டில் எங்க?"

மேசைக்கு அடியில் தேடினார். இல்லை. அக்கா எழுந்துவிட்டாள். "தண்ணியும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். பச்ச ஒடம்புக்காரி. ஒரு நிமிஷம் கேட்டு வரைக்கும் போக விட்டிருந்தா இது நடந்திருக்குமா?"

மேலாளர் அவளின் நனைந்த ரவிக்கையைப் பார்த்தார். உடனே ஜன்னலைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? புகார் கிகார்னு நான் எதுவும் எழுதல. வீட்டுல இருந்து கொழந்தையக் கவனிச்சுக்க. நாளையிலேர்ந்து வர வேணாம்."

"சரி சார்" என்றாள். அந்தக் குரலில் நன்றி இருந்தது. அதைக் கேட்டு அவளுக்கே கூசியது.

அவள் பையை எடுப்பதற்குள் இரண்டு பேர் வரைபடத்தைத் தூக்கினார்கள்.

"அடியில கை குடு. மெதுவா. இழுக்காதே." மேலாளர் தன் அறையில் மெத்தென்ற பருத்தித் துணியை விரித்து வைத்திருந்தார். திரையை இழுத்து வெயிலை மறைத்தார்கள். ஃபேனைக் குறைத்தார்கள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்கள்.

கேட்டுக்கு வெளியே, பிள்ளையை வாங்கிக்கொண்டு அவள் உட்காரப் போனபோது காவலாளி கையை ஆட்டினார்.

"இங்க உக்காரக் கூடாதும்மா, கார் வெளிய வரணும். அந்தாண்ட போங்க."

சாலையோரம் நின்றபடியே கொடுத்தாள். பிள்ளை அவசர அவசரமாகக் குடித்தது, புரையேறியது, மறுபடி பற்றிக்கொண்டது. நாத்தனார் துண்டை விரித்து வெயிலுக்குக் குறுக்கே பிடித்தாள். நிழல் பிள்ளையின் தலைக்கு எட்டியது. காலுக்கு எட்டவில்லை.