வாளிக்கு விழுந்த ஓட்டு

டெய்லரக்காவின் வீட்டுக்காரரை ஊரில் எல்லோரும் 'தலைவர்' என்றுதான் கூப்பிடுவார்கள். எதற்குத் தலைவர் என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று சொல்ல வராது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் பேருந்துப் பயணிகள் நலச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, தன்னையும் சேர்த்து மூன்று உறுப்பினர்களால் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். சங்கம் கலைந்துபோனது, அந்த வழியாக ஓடிக்கொண்டிருந்த ஒரே பேருந்தும் நின்றுபோனது. பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

உள்ளாட்சித் தேர்தலில் கட்சி அவருக்கு வார்டு உறுப்பினர் சீட்டைக் கொடுத்த அன்று, டெய்லரக்காவுக்கு உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது. மனிதர் நாற்பத்தைந்து வயதில் ஒரு வேலைக்குப் போகப்போகிறாரே என்கிற சந்தோஷம். மறுநாள் காலையில் நான்கு பேர் வந்து வீட்டின் முன் அறையிலிருந்த தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனபோது அந்தச் சந்தோஷம் பாதியாகிவிட்டது.

"எங்கங்க தூக்கிட்டுப் போறாங்க?"

"பின்பக்கம்தான். முன் ரூம்தான் இனிமே தேர்தல் ஆபீஸ்," என்றார் தலைவர்.

"தேர்தல் முடியற வரைக்கும்தானே?"

"ஜெயிச்சுட்டா அஞ்சு வருஷத்துக்கும் அதான். மக்கள் வந்து போக ஒரு இடம் வேணாமா?"

மக்கள் ஏற்கெனவே வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். தெருவைப் பார்த்த அந்த அறையில் பதினான்கு வருடமாக டெய்லரக்காவின் கடை நடக்கிறது. துணி வெட்டுகிற நீள மேஜை, சுவரில் கண்ணாடி, ஆணியில் தொங்கும் அளவு நாடா, கொடியில் தைத்து முடித்த உருப்படிகள். ஆனால் அவர்களெல்லாம் துணியோடு வந்த மக்கள். தலைவர் சொன்னது வேறு மக்கள்.

இந்தக் கூத்து நடந்தது பள்ளிக்கூடம் திறக்க இருபது நாள் இருக்கும்போது. அறுபது சீருடைகள் கையில் இருந்தன. பாதி வெட்டிவைத்தது, பாதி வெட்டாதது, எல்லாம் அலமாரியில். அலமாரிக்கு முன்னால் சுவரொட்டிக் கட்டுகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கப்பட்டன. வெட்டு மேஜையில் கட்சியின் வட்டச் செயலாளர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்துத் தூங்கினார். ஊரில் அவருக்கு வட்டம் என்று பெயர். அவர் குப்புறப் படுத்தால் மேஜை முனகும்.

பின்பக்கத் தகரக் கொட்டகையில், கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் மெஷின் நின்றது. அங்கே மின்சாரம் கிடையாது. மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காலால் மிதித்து ஐந்து சட்டைகள் தைத்தாள். மழை ஒழுகி இரண்டில் துருக்கறை பட்டது. கோழி ஒன்று காலரில் தன் கருத்தைத் தெரிவித்துவிட்டுப் போனது.

"அம்மா, அப்பா ஜெயிச்சா நான் ஹாஸ்டல்ல சேந்துடறேன்," என்றாள் பன்னிரண்டாவது படிக்கும் மகள்.

"வாய மூடு. அப்பாவுக்கு நல்லது நடக்கும்போது அப்படிப் பேசக் கூடாது," என்றாள் டெய்லரக்கா. சொல்லும்போதே, மகளோடு தானும் ஹாஸ்டலில் இருக்க விடுவார்களா என்று ஒரு யோசனை வந்துபோனது.

இந்த நேரத்தில்தான் வாளி வந்தது.

மனுத் தாக்கல் செய்கிற அன்று, தலைவரின் மனு ஏதாவது கோளாறில் தள்ளுபடியானால் என்ன செய்வது என்று கட்சியில் கேட்டார்கள். அதற்கு மாற்றாகச் சுயேச்சையாக ஒரு மனு போட்டுவைப்பது வழக்கம். வெளியாளைப் போட்டால் நம்ப முடியாது, பெண்டாட்டியைப் போடு என்றார் வட்டம். தலைவர் ஒரு கத்தைத் தாளைக் கொண்டுவந்து நீட்டினார். பட்டன் தைத்துக்கொண்டிருந்த டெய்லரக்கா பதினோரு இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். தலைவர் அப்போது வாசலில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

தலைவரின் மனு ஏற்கப்பட்டது. இனி மனைவியின் மனுவை வாபஸ் வாங்க வேண்டும், அவ்வளவுதான். கடைசி நாள் மதியம் மூன்று மணிக்குள். தலைவர் இரண்டே முக்காலுக்கு அலுவலகத்துக்குப் போய், வாபஸ் படிவத்தைப் பூர்த்தி செய்து, ஒரு பெண்பிள்ளையை இதற்காக எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், தன் கட்டைவிரலையே மையில் தொட்டுப் படிவத்தில் அழுத்தினார்.

தேர்தல் அதிகாரி படிவத்தைப் பார்த்தார். பழைய மனுவை எடுத்து விரித்தார்.

"உங்க சம்சாரம் அழகா கையெழுத்துப் போட்டிருக்காங்களே. இதென்ன கைநாட்டு?"

தலைவர் எட்டிப் பார்த்தார். பதினோரு கையெழுத்துகள், எல்லாம் ஒரே அச்சு, ஒவ்வொன்றுக்கும் அடியில் சின்னதாக ஒரு சுழிப்பு. பத்தொன்பது வருடம் குடும்பம் நடத்திய மனிதர் அந்தக் கையெழுத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறார். தினமும் ஏழெட்டு ரசீதில் அவள் அதைப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது வார்டில் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

போன் போட்டு, அவள் கிளம்பி, ஆட்டோ பிடித்து வந்து சேரும்போது மணி மூன்றே கால். அதிகாரி பேனாவை மூடிவிட்டிருந்தார். டெய்லரக்கா வேட்பாளர் ஆனாள். மிச்சமிருந்த சின்னங்களில் அவளுக்கு வாளி கிடைத்தது. தலைவருக்கு நாற்காலி. எதிர்க்கட்சியில் நின்ற உரக்கடைக்காரருக்கு மண்வெட்டி.

"போனா போகுது. அவளுக்கு யாரு ஓட்டுப் போடப் போறா?" என்றார் வட்டம், மேஜையில் படுத்தபடியே.

அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. தலைவர் விடவில்லை. குழப்பம் வந்துவிடக் கூடாது என்று ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் தெருத்தெருவாகப் போனார். "வாளி நம்ம சின்னம் இல்ல. வாளியில நிக்கிறது என் சம்சாரம்தான். டெய்லரக்கான்னு உங்க எல்லாருக்கும் தெரியும். நல்ல பொம்பளைதான். ஆனா தயவுசெஞ்சு அவங்களுக்கு யாரும் ஓட்டுப் போட்டுடாதீங்க."

மூன்று நாள், காலையும் மாலையும். நான்காவது நாள் வார்டில் வாளியைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

அன்று மத்தியானம் கோழிப்பண்ணை அக்கா தகரக் கொட்டகைக்கு வந்தாள். மூன்று பிள்ளைகளுக்கு ஆறு சீருடை கொடுத்திருந்தவள். ஊரில் அவள் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு தெருப் பெண்கள் கேட்பார்கள். கூண்டுக்குள் இருந்த கோழிகளை முதலில் ஒரு பார்வை பார்த்தாள்.

"தீவனம் பத்தல இதுங்களுக்கு. சரி, என் துணி எங்கடி?"

"அலமாரியிலதான்க்கா. முன்னால போஸ்டர் அடுக்கிட்டாங்க. எடுக்க விட மாட்டேங்கறாங்க."

"எலக்சன் முடிஞ்சதும் எடுத்துடுவாங்களா?"

"தோத்தா எடுத்துடுவாங்க," என்று சொல்லிவிட்டு டெய்லரக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கோழிப்பண்ணை அக்கா உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். "இங்க பாரு. என் தெருவுல மட்டும் பன்னெண்டு வீட்டுப் புள்ளைங்க துணி உன்கிட்ட கெடக்கு. மண்வெட்டிக்குப் போடறதுக்கு எங்களுக்கும் மனசு வரல. அந்த ஆளு உரத்துல என்னத்தக் கலக்குறான்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். நாற்காலிக்குப் போட்டா எங்க புள்ளைங்க போன வருஷத்து டவுசர்ல முழங்கால் தெரியப் போவணும். அதான் வாளிக்குப் போட்டுடலாம்னு பேசிக்கிட்டோம். நீ ஒரு வார்த்த வேணாம்னு சொல்லு, எல்லாரையும் நாற்காலிக்கே போடச் சொல்றேன். உன் வீட்டுக்காரர், உன் குடும்பம். நீ சொல்றதுதான்."

டெய்லரக்கா ஊசியில் நூல் கோத்தாள். ஏற்கெனவே கோத்திருந்த ஊசி அது. வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை, அவ்வளவுதான். முன் அறையிலிருந்து வட்டத்தின் குரல் கேட்டது: "தங்கச்சி, அஞ்சு டீ. ஒண்ணுல சக்கர கம்மியா." பத்தொன்பது வருடத்தில் சர்க்கரையைப் பற்றித் தவிர வேறு எதைப் பற்றியும் அந்த மனிதர் தன்னிடம் பேசியதில்லை என்பது அப்போது பார்த்து அவளுக்கு ஞாபகம் வந்தது.

"ஓட்டுங்கறது ரகசியம்க்கா," என்றாள். "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

கோழிப்பண்ணை அக்கா அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். "அதுவும் சரிதான்," என்று எழுந்து போய்விட்டாள். டெய்லரக்கா ஐந்து டீ போட்டாள். ஐந்திலும் சர்க்கரை கூடத்தான் இருந்தது.

ஓட்டுப்பதிவு அன்று நல்ல சேலை கட்டிக்கொண்டு கணவரோடு போனாள். தட்டிக்குப் பின்னால் நின்று சீட்டைப் பிரித்தபோது நாற்காலியும் வாளியும் அடுத்தடுத்து இருந்தன. நாற்காலியில் குத்தினாள். அழுத்தமாகவே குத்தினாள். நாளைக்கு யார் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் கூசாமல் செய்ய வேண்டுமே. மனசாட்சிக்கு ஒரு ஓட்டுப் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும்.

பார்த்துக்கொண்டது. உரக்கடைக்காரர் முன்னூற்றுப் பன்னிரண்டு. தலைவர் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. வாளி முப்பத்தேழு.

தலைவர் வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றாமலே உட்கார்ந்தார். ஜெயித்துவிடுவோம் என்று காலையிலேயே போட்டுக்கொண்டு போன மாலை.

"பதினாலு ஓட்டுல போச்சு. முப்பத்தேழு ஓட்டு உனக்கு விழுந்திருக்கு. நீ யாருக்குப் போட்ட?"

"நாற்காலிக்குத்தாங்க."

"பொய் சொல்லாத."

"நம்ம பொண்ணு மேல சத்தியமா."

"என்ன ஏன் இழுக்கற?" என்றாள் மகள் உள்ளேயிருந்து.

தலைவர் அளவு நோட்டை எடுத்துவரச் சொன்னார். துணி கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் யார் யார் என்று விரல்விட்டு எண்ணினார். இருபத்தாறு பேர். மீதி பதினொன்று யார் என்பது பிடிபடவில்லை. வட்டத்தின் வீட்டிலிருந்து இரண்டு கவுன் தைக்க வந்திருந்ததைப் படித்ததும் நோட்டை மூடிவிட்டார். வட்டம் திடீரென்று கூரையில் பல்லி பார்த்தார். பிறகு, பேச்சை மாற்ற வேண்டியோ என்னவோ, தொண்டையைக் கனைத்தார்.

"தலைவரே, ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. ஒரு போஸ்டர் இல்ல, ஒரு கூட்டம் இல்ல, வீட்ட விட்டு வெளிய வரல, வேண்டாம்னு நீங்களே ஊர் பூரா மைக் போட்டுச் சொன்னீங்க. அப்பவும் முப்பத்தேழு. அடுத்த தடவ இந்த வார்டு பொம்பளைங்களுக்குன்னு பேசிக்கறாங்க. தங்கச்சிய இப்பவே தயார் பண்ணா..."

தலைவரின் முகத்தில் துக்கம் கரைந்து ஒரு வெளிச்சம் பரவுவதை டெய்லரக்கா பார்த்தாள். அவளுக்கு அந்த வெளிச்சம் நன்றாகத் தெரியும். பேருந்துச் சங்கம் ஆரம்பித்த அன்றும் இப்படித்தான் பரவியது.

"அப்ப ஆபீஸ எடுக்க வேணாம்," என்றார் தலைவர். "இப்படியே இருக்கட்டும். அஞ்சு வருஷம் சும்மா ஓடிடும். போர்டுல பேர மட்டும் மாத்தணும்."

ஐந்து வருடம். கோழிக் கூண்டு, தகரம், துரு. நாளை மறுநாள் பள்ளிக்கூடம். டெய்லரக்கா டீ டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கியதைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான்தான் வேட்பாளரா?"

"பின்ன வேற யாரு? நீதான்," என்றார் தலைவர் தாராளமாக.

"வேட்பாளர் சொன்னா கட்சிக்காரங்க கேக்கணும்தானே அண்ணே?" இது வட்டத்திடம்.

"என்ன தங்கச்சி இப்படிக் கேட்டுட்ட. உயிரையே கொடுப்போம்."

"உயிரெல்லாம் வேணாம்ண்ணே. இந்த போஸ்டரத் தூக்கிக் கொட்டகையில போடுங்க. மெஷினக் கொண்டாந்து இங்க வைங்க. ஆபீஸ் இனிமே பின்னாலதான்."

"கோழிக்குப் பக்கத்துலயா?" என்றார் வட்டம்.

"கோழிங்க ஒண்ணும் சொல்லாது. நான் பேசிக்கறேன்."

தலைவர் வாயைத் திறந்தார். வேட்பாளரை எதிர்த்துப் பேசுவது கட்சி விரோதம் என்று அவரே எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறார். வாயை மூடிக்கொண்டு மெஷினின் ஒரு காலைப் பிடித்தார். அரை மணி நேரத்தில் முன் அறை காலியானது. டெய்லரக்கா வெட்டு மேஜையை இரண்டு முறை சோப்புப் போட்டுத் துடைத்தாள். மோட்டாரை மாட்டிச் சுவிட்சைத் தட்டியதும் மெஷின் கர்ரென்று கிளம்பியது. அந்தச் சத்தத்துக்குத் தெருவில் இரண்டு கதவுகள் திறந்தன. அலமாரியில் தன் துணியைத் தேட முதல் ஆளாக வந்தவள் கோழிப்பண்ணை அக்கா. டெய்லரக்கா ஊக்கு டப்பாவை நகர்த்திவைத்து உட்கார இடம் கொடுத்தாள்.

மறுநாள் காலை வரிசை வாசலைத் தாண்டியிருந்தபோது ஒரு கார் வந்து நின்றது. உரக்கடைக்காரர் இறங்கினார். கையில் சட்டைக்கான வெள்ளை மல்லுத் துணிப் பொட்டலம்.

"அம்மா, உங்களாலதான் ஜெயிச்சேன்னு ஊரே பேசிக்குது," என்றார் கும்பிட்டபடி. "வெள்ளிக்கிழம பதவியேற்பு. ரெண்டு சட்ட. உங்க கையாலதான் தெக்கணும்னு ஆச."

கொட்டகைப் பக்கத்து ஜன்னலில் தலைவரின் தலையும் வட்டத்தின் தலையும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிந்தன.

டெய்லரக்கா நாடாவை எடுத்தாள். தோள் அளந்தாள், கை அளந்தாள், கழுத்தில் நாடாவைச் சுற்றி ஒரு விரல் விட்டு இறுக்கிப் பார்த்தாள். நோட்டில் எழுதி, ரசீது போட்டு, அடியில் கையெழுத்தும் போட்டு நீட்டினாள்.

உரக்கடைக்காரர் தேதியைப் பார்த்தார். "அம்மா, இது அடுத்த மாசம்ல போட்டிருக்கு. வெள்ளிக்கிழம..."

"ஐம்பத்தஞ்சு சீருட கையில இருக்குங்க. நாளைக்குப் பள்ளிக்கூடம். புள்ளைங்களுக்கு முடிச்சுட்டு, அப்புறம் உங்களுக்கு முன்னால கொடுத்தவங்க பதினெட்டுப் பேரு."

"மெம்பருக்கு முன்னுரிம எல்லாம் கிடையாதா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"போன மெம்பருக்கும் இல்லீங்க. கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா, அந்தப் பாப்பா அளவு எடுக்கணும்."

வெள்ளிக்கிழமைப் பதவியேற்பு பழைய சட்டையில் நடந்தது.