மாடி வைத்த வீடு

கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்துக் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் இருந்த கிஷோரின் வீடு, தை மாதத்திலிருந்து சுருங்கத் தொடங்கியது. முதலில் பீரோ கதவு முழுதாகத் திறக்கவில்லை. பிறகு நடையில் இருவர் எதிரெதிரே போக முடியவில்லை. பார்க்க வந்த பொறியாளர், புதுக் கட்டடம் சில வருடங்கள் இப்படித்தான் இருக்கும் என்று காபி குடித்துவிட்டுப் போனார். மாசியில் கட்டிலைக் கழற்றி வெளியேற்றினார்கள். மூவரும் தரையில் ஒருக்களித்துப் படுத்தார்கள். ஒருவர் புரண்டால் மற்ற இருவரும் புரள வேண்டியிருந்தது.

மூன்றாவது ஆள் கிஷோரின் அம்மா சாவித்திரி. கணவர் இறந்ததும் ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மகனிடம் வந்தவர். மருமகள் வர்ஷாவுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. அவள் மீட்டிங்கில் பேசும்போது சாவித்திரி இருமலைக்கூட அடக்கிக்கொள்வார். ஒருவரையொருவர் குறை சொன்னதில்லை. கிஷோர் இருவரிடமும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிவந்தான்: "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

சுருங்காமல் இருந்தது பால்கனியில் வர்ஷா வளர்த்த தேனீப் பெட்டி மட்டும். அதை விற்ற மண்ணூர்பேட்டை வேம்புலி ஒருநாள் பார்க்க வந்தபோது, பெட்டியின் மேலே இரண்டாவது மர அறையை எப்போது வைப்பது என்று அவள் கேட்டாள்.

"கூட்டம் கம்மியா கீறப்போ வெச்சா சூடு பத்தாது, எறும்பு ஏறிடும். லேட்டா வெச்சா பாதி கூட்டம் பிரிஞ்சு பூடும்."

"எது பிரிஞ்சு போகும்? புது ராணியா?"

"இல்லமா. பழைய ராணிதான் கெளம்பும். கட்டுன ஊட்டைப் புதுசுக்கு உட்டுட்டுப் பூடும்."

சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த சாவித்திரியின் காதில் அது விழுந்தது. மறுநாள் காலை, கிஷோர் வேலைக்குப் போன பிறகு, ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வாசல் அதற்குள் ஜன்னல் அளவுக்கு வந்திருந்தது. கிஷோர் ஒல்லி, புகுந்து போய்விட்டான். சாவித்திரிக்குத் தோள் நுழையவில்லை. பக்கவாட்டில் முயன்று, குனிந்து முயன்று, கடைசியில் பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்க கெளம்பிட்டீங்க அத்தை?" என்றாள் வர்ஷா.

"ஆவடி கோவில்பதாகைக்கு. தங்கச்சி வீட்டுக்கு. உங்களுக்கு எடம் பத்தலையே."

பல மாதங்களாக வர்ஷா மனதுக்குள் வேண்டிக்கொண்டது இதைத்தான். ஆனால் அத்தையின் தோளில் சுவர் உரசிச் சிவந்திருந்த இடத்தைப் பார்த்ததும் சமையலறைக்குப் போனாள். எண்ணெய் எடுத்துவந்து தடவினாள். அந்த வீட்டில் இடம் இருந்த காலத்தில் ஒரு பெண் இன்னொரு பெண்ணைத் தொட்டதில்லை.

சாயங்காலம் பெட்டியின் வாசலில் தேனீக்கள் உள்ளே போகாமல் தாடிபோல் தொங்கின. வர்ஷா மூடியைத் திறந்தாள். ஓரச் சட்டங்கள்வரை தேனீக்கள் நெருக்கமாக மூடியிருந்தன. அடைகளின் மேல்விளிம்பில் புது மெழுகு வெள்ளையாக ஏறியிருந்தது. அடியில் புது ராணிக்கான கூடு இன்னும் கட்டப்படவில்லை; கூட்டம் பிரிய நேரமிருந்தது. அவள் வேம்புலிக்குப் போன் செய்தாள். வாசல் வழியாகக் கொண்டுவர முடியாததால் அவர் பெட்டியின் இரண்டாவது அறையைத் தெருவிலிருந்து கயிறு கட்டி ஏற்றினார். மேலிருந்து மாமியாரும் மருமகளும் சேர்ந்து இழுத்தார்கள்.

வேலை முடிந்து வந்த கிஷோர் அதைப் பார்த்துவிட்டு, "நமக்கே எடமில்ல, இதுக்கு மாடியா?" என்றான்.

"எடமில்லாதப்பதான் வெக்கணும்," என்றாள் வர்ஷா. பெட்டியின் மேல் அதைப் பொருத்தி மூடினாள்.

காலையில் எழுந்தபோது கூடத்துக் கூரையில் ஒரு திறப்பும், அதற்கு ஏறும் படிகளும் இருந்தன. மேலே ஓர் அறை. அதற்கு நல்ல அகலமான கதவு. அது கட்டடத்தின் பொது மாடிப்படி திரும்பும் இடத்தில் திறந்தது. சாவித்திரி பையோடு அந்தக் கதவு வழியாக வெளியேறி, ஸ்டேஷன்வரை நடந்து, ஆவடி ரயில்கள் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மத்தியானச் சமையலுக்குத் திரும்பி வந்துவிட்டார். கீழ்ச் சுவர்கள் அதற்குமேல் நெருங்கவில்லை, பின்வாங்கவும் இல்லை. நடையில் இன்றும் ஒருவர் நின்றுதான் மற்றவர் போகிறார்.

பங்குனியில் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில், மூன்றாம் மாடி ஹேமநாதன் தன் தரைக்கும் கீழ்வீட்டுக் கூரைக்கும் நடுவே யாரோ நடமாடும், இருமும் சத்தம் கேட்பதாகச் சொன்னார். அது கிஷோரின் அம்மா என்றார்கள். பகலில் தாராளமாக இருமலாம், தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, ஹேமநாதன் தண்ணீர் லாரி விஷயத்துக்குப் போனார்.