சுற்றாத சங்கிலி

சாப்பாட்டு மேசைக் கண்ணாடியில் டாங்கி வழுக்கிக்கொண்டு போகிறது, அண்ணன் துண்டு துண்டாய் ஒட்டிச் செய்த உள்ளங்கையளவு மாதிரி டாங்கி, அவன் ஒரு விரலால் தள்ளத் தள்ளச் சோப்புக் கட்டியைப் போலச் சறுக்குகிறதே தவிர அதன் சங்கிலி சுற்றவில்லை, இந்தச் சனியனுக்கு என்ன வந்தது என்று அவன் திட்டுகிறான், மனதுக்குள் அவனை நான் அவன் என்றுதான் சொல்கிறேன், வாயில் மட்டும் நீங்கள், ஏனென்றால் இது அவனுடைய வீடு, கனடாவில் இந்த ஸ்காபரோ வீட்டின் நிலக்கீழ் அறையில், அவன் தந்த கட்டிலில் நான் படுக்கிறேன், வருகிறவர்களிடம் எல்லாம் அதை அவன் சொல்லிவிடுகிறான். டாங்கியைக் கவிழ்த்து, சுகிர்தா அண்ணியின் நக அரத்தால் சில்லுகளின் அச்சைத் தேய்க்கிறான், துளைக்குள் பெயின்ட் அடைத்திருக்கிறதாம், சங்கிலியும் இறுக்கமாம், அதைச் சுடுதண்ணீரில் போட்டு இழுக்கிறான், என் உணவுத் தட்டை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, பிள்ளை, நீ கண்டனீதானே, உண்மையான டாங்கியில மேல்ப்பக்கச் செயின் தொய்ஞ்சோ இருக்கிறது, இறுக்கமாவோ, என்று கேட்கிறான். எனக்குத் தெரியாது அண்ணா. என்ன கதை இது, கடைசிமட்டும் அங்கை நிண்டது நீ, இஞ்சை இருந்த எனக்கோ தெரியும், வாயைத் திறந்தால் என்ன குறைஞ்சா போயிடுவாய்.

வாயைத் திறந்தால் மணல்தான் வரும், வன்னியில் போரின் கடைசி மாதங்களில் பல்லுக்கிடையில் எப்போதும் மணல், என் கூறைச்சேலையைக் கிழித்து மண்மூட்டை தைத்து, நாங்கள் பதுங்கும் பங்கர்க் குழியைச் சுற்றி அடுக்குகிறோம், குகதாசன் ஊசியில் நூல் கோத்துத் தருகிறார், என் கணவர், நூல் கோக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்வார், அந்த மனிதரைப் பற்றித்தான் போன கிழமை இதே மேசையில் விருந்தாளிகளுக்கு முன்னால் அண்ணன் சொன்னான், காணாமல் போனவன் எண்டு இவள் இருக்கிறாள், அந்தாள் எங்கையாவது வேறை கலியாணம் முடிச்சுப் பிள்ளை குட்டியோட இருப்பான். அவர்கள் சிரித்தார்கள், நான் சோறு போட்டேன், கரண்டியால் அவன் முகத்தில் அடித்திருக்கலாம், அடிக்கவில்லை, சொல்லவும் இல்லை, சொன்னால் அவர் செத்துவிடுவார், சொல்லாதவரைக்கும் பக்கத்துப் பங்கருக்குத் தண்ணீர்ப் போத்தலோடு போய்க்கொண்டே இருப்பார், அங்கே காலில் காயப்பட்ட ஒரு கிழவர் கிடக்கிறார், குடுத்திட்டு ஓடி வாறன், தலையை வெளியில நீட்டாதை என்கிறார், நான் நீட்டுகிறேன், வெட்டைவெளியில் டாங்கி வருகிறது.

இஞ்சை பார், ஓடுது, ஓடுது, என்று அண்ணன் கத்துகிறான், மேசையில் துவாயை விரித்துவிட்டான், துணி பிடித்துக்கொள்கிறது, சில்லு சுழல்கிறது, சங்கிலி மெல்ல மெல்ல வலம்வருகிறது, வீடியோ எடுத்துத் தன் டாங்கிக் கூட்டாளிகளுக்கு அனுப்ப வேண்டுமாம், தத்ரூபமாய் இருக்கோ, நீ பார்த்ததுமாதிரி இருக்கோ, சொல்லன் பிள்ளை.

இல்லை, என்றேன். நேராய் மட்டும் ஓடினால் போதாது, அது திரும்பும். அவன் கையிலிருந்து அதை வாங்கினேன், ஒரு பக்கச் சங்கிலியை நகத்தால் அழுத்திப் பிடித்தேன், மற்றப் பக்கத்தைத் தள்ளினேன், ஒண்டு நிக்கும், மற்றது சுத்தும், அப்பிடித்தான் திரும்பும், பக்கத்துப் பங்கருக்கு மேலை ஏறி நிண்டுதான் அது திரும்பினது, மேலை மூடியிருந்த பனங்குத்தி முறிஞ்சு மண் உள்ளுக்கை போச்சு, குகதாசன் அதுக்குள்ளை இருந்தவர்.

அண்ணி கொண்டுவந்த தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள். முதலே சொல்லியிருக்கலாமே, என்றான் அண்ணன். நீங்கள் கேட்டது செயினைத்தானே அண்ணா. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, துவாயைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், பிறகு மெதுவாக, எந்தப் பக்கச் செயின் நிண்டது, என்று கேட்டான், உங்களுக்கு மனுசத்தன்மை இருக்கோ என்று அண்ணி அழத் தொடங்கினாள், அவனுக்கு வேறு எதையும் கேட்கத் தெரியாது என்று எனக்கு விளங்கியது, விளங்கியதால் வெறுப்புக் குறையவில்லை. இடது, என்றேன். தா எண்டுறன், என்று அவன் கையை நீட்டுகிறான், நான் கொடுக்கவில்லை, தள்ளுகிறேன், சங்கிலி சுற்றுகிறது, டாங்கி ஒரே இடத்தில் நின்று திரும்புகிறது, அதன் கீழே துணி முறுகுகிறது, நான் நிறுத்தவில்லை, பாருங்கோ, என்கிறேன், நல்லாய்ப் பாருங்கோ.