அந்த அரை நொடி

ஆக்சிலரேட்டரை மிதித்ததும், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ உடனே வேகம் எடுக்காது, கொஞ்சம் யோசிக்கும். அந்த யோசனையைக் குறைப்பதுதான் ரேஸ் கார் மெக்கானிக்கான அவளுடைய வேலை. மூன்று வாரமாக மல்லுக்கட்டினாள். காற்றுக்குழாயைக் குட்டையாக்கினாள், டர்பைன் சக்கரத்தை எடை குறைந்ததாக மாற்றினாள். ஒவ்வொரு ஓட்டத்திலும் பக்கத்து சீட்டில் கணவன். முதுகில் உந்தல் தெரிந்ததும் அவன் "ஆச்சு" என்பான். மிதிக்கும்போதே ஓடவிட்ட, ஸ்டியரிங்கில் கட்டிய ஸ்டாப்வாட்ச்சை அவள் அமுக்கி நிறுத்துவாள். என்ன செய்தும் அந்த அரை நொடித் தாமதம் குறைவதாயில்லை.

இன்று, பனி மூடிய பந்தயப் பாதையில் கார் மேகத்துக்குள் மிதப்பதுபோல் போனது. டர்போவின் காற்றழுத்தத்தை அளக்க ஒரு சென்சாரும் மாட்டியிருந்தாள். அதில், மிதித்த கணமே அழுத்தம் ஏறியிருந்தது. அரை நொடி கழித்துத்தான் "ஆச்சு" வந்தது.

"தாமதம் வண்டியில இல்ல, உன்கிட்டதான்" என்றாள்.

அவன் மெல்லச் சிரித்தான்.

அவள் காரை நிறுத்தினாள். பன்னிரண்டு வருஷமாக மனசுக்குள் ஒரு முள் உறுத்திக்கொண்டிருந்தது.

"என்னைக் கட்டிக்கிறியான்னு நான் கேட்டப்ப, சரின்னு சொல்றதுக்கு முன்னாடி யோசிச்சியே. எதுக்கு?"

கண்ணாடியில் பனி வழிந்தது.

"நான் எங்க யோசிச்சேன்?" என்றான் அவன், சரியாக அரை நொடி கழித்து.