குழாய் முழுக்கப் பனி

நீண்டகரையில் மீன்பிடித் தடை மறுநாள் நள்ளிரவோடு முடிகிறது. ஐம்பத்திரண்டு நாள் சும்மா கிடந்த படகுகள் எப்போதடா என்று காத்திருந்தன. ஐஸ் இல்லாமல் எந்தப் படகு கடலுக்குப் போகும்? மெர்ஸி சேச்சியின் ஐஸ் ஆலையிலோ, ஒரு முழு நாள் மிஷின் ஓடியும் கட்டி பிடிக்கவில்லை. உப்புநீர்த் தொட்டியிலிருந்து எந்த அச்சைத் தூக்கினாலும் ஓரத்தில்தான் ஐஸ், நடுவில் தண்ணீர்.

பதினெட்டு வருடமாக அந்த மிஷினோடு மல்லுக்கட்டும் லியோன்ஸ் குழாயைத் தடவிப் பார்த்தான்; பனி பேருக்குத்தான் இருந்தது. கம்ப்ரஸருக்குத் திரும்பும் குழாயில் வெள்ளையாகப் பனி பூத்தால் மிஷின் ஜோராக ஓடுகிறது என்பது அந்தக் கரையின் கணக்கு. ஆலைக்குள் வருகிற எவனும் முதலில் அந்தப் பனியைத்தான் தடவிப் பார்ப்பான். லியோன்ஸும் அந்தக் கரைக்காரன்தானே! குளிரூட்டும் அம்மோனியா போகும் வால்வை அரைச் சுற்று திறந்தான். பிறகு இன்னொரு அரை. பனி குழாய் நெடுக ஏறிக் கம்ப்ரஸரின் மண்டை வரை மூடிக்கொண்டது.

ஐஸுக்குச் சொல்லிவைக்க வந்த படகுக்காரன் சில்வஸ்டர் வாயைப் பிளந்தான். "அட, சர்ச்சுக்குப் போற கல்யாணப் பொண்ணு மாதிரியில்ல நிக்குது! நாளைக்கு நூறு கட்டி எனக்கு. மறந்தீன்னா உன்னையே வெட்டிப் போட்டு மீன அடுக்குவேன்."

லியோன்ஸ் பெருமையாகச் சிரித்தான். சில்வஸ்டர் போய்க் கால் மணி ஆகவில்லை, கம்ப்ரஸருக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் டக், டக் என்று சத்தம் எழுந்தது.

மெர்ஸி சேச்சி ஓடி வந்தாள். "போச்சா? கிழட்டு மிஷின் சரியான நேரத்துல காலை வாரிடுச்சே! இருடா, படகுக்காரங்களுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிடறேன், வேற ஆலையைப் பாக்கட்டும்." அவள் ஃபோனில் நம்பரைத் தேடினாள். இந்தச் சீசனில் வேறு வாசலுக்குப் போகிற படகு திரும்பி வராது என்பது இருவருக்கும் தெரியும்.

லியோன்ஸ் கம்ப்ரஸரின் மண்டையில் கை வைத்தான். கொதிக்க வேண்டிய இடம் ஜில்லென்றிருந்தது. அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கம்ப்ரஸர் ஆவியை மட்டும்தான் இழுக்கும்; அளவுக்கு மீறித் திறந்துவிட்டதால் ஆவியாகாத திரவம் அப்படியே திரும்பி வந்து முட்டுகிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி மிஷினோடு போய்விடும்.

"ஃபோனை வைங்க சேச்சி! மிஷின் மேல குத்தம் இல்ல. நான்தான் வால்வைக் கண்டபடி திறந்துட்டேன்."

"எதுக்குடா திறந்தே?"

"குளிர் பத்தலைன்னு. பத்தாததுக்கும் காரணம் நான்தான். இத்தனை நாள் கழிச்சு ஓட்டுறதுக்கு முந்தி, தொட்டிச் சுருள் குழாய்ல தங்கின கம்ப்ரஸர் எண்ணெயை வடிக்கணும். அவசரத்துல மறந்துட்டேன்."

சொல்லிக்கொண்டே வால்வை முழுக்க மூடினான். திரும்பும் குழாயின் வால்வையும் பாதி அடைத்தான். சத்தம் மெல்ல மெல்ல ஓய்ந்தது. சேச்சி ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டாள். லியோன்ஸ் மிஷினை நிறுத்தி, முகத்தில் ஈரத்துணி கட்டி, சுருள் குழாயின் அடியிலிருந்த வால்வைக் கொஞ்சமாகத் திறந்தான். கண்ணைக் கரிக்கும் நெடியோடு கறுப்பு எண்ணெய் ஒன்றரை வாளி வந்தது. இவ்வளவும் உள்ளே அடைத்துக்கொண்டு கிடந்தால் அம்மோனியா எங்கே போய்க் கொதிக்கும், உப்புநீர் எப்படிக் குளிரும்?

மறுபடி ஓட்டியபோது கால் கால் சுற்றாகத்தான் திறந்தான். பனி பாதிக் குழாயோடு நின்றது. கம்ப்ரஸரின் மண்டை கை வைக்க முடியாதபடி சுட்டது. அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம் முதல் அச்சைக் கவிழ்த்தார்கள். கட்டி நடு வரை இறுகி, கண்ணாடியாக வழுக்கி வந்தது. சேச்சி சிலுவை போட்டுக்கொண்டாள். லியோன்ஸுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது.

வண்டியோடு வந்த சில்வஸ்டர் குழாயைப் பார்த்துத் திடுக்கிட்டான். "என்னடா, பாதிப் பனியைக் காணோம்? நேத்து என்னமோ சத்தம் போட்டுதாமே?"

லியோன்ஸ் தலையைக் குனிந்துகொண்டு வாயைத் திறந்தான். சேச்சி முந்திக்கொண்டாள்.

"அதுக்கு வயித்துக் கோளாறு. என் ஆளு பாத்துச் சரி பண்ணிட்டான். நீ கட்டியை ஏத்து."